அரைப்பேர்

பதினெட்டு கிலோ பறித்தால் முழுப்பேர்.
பதினேழரை என்றால்
தராசுக்காரர் தலை நிமிராமல் எழுதுவார்: அரைப்பேர்.
மழையில் கை எங்கே விறைத்தது,
அட்டை எந்தக் கணுக்காலில் ஏறியது,
அதெல்லாம் செக்ரோலில் இல்லை.

நேற்று நோர்வூட் பஸ்ஸில்
ரேடியோ விவாதம் ஓடியது.
ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும்
கல்யாணம் கட்டச் சட்டம் இடம் தரலாமா?
முதல் ஆள் தரலாம் என்றார்.
அடுத்தவர், மேல்நாட்டுச் சரக்கு,
நம்ம பண்பாட்டில் ஏது என்றார்.
மூன்றாமவருக்கு நல்ல மனசு.
தண்டனையை மட்டும் எடுத்துவிடுங்கள்,
கல்யாணம் கில்யாணம் வேண்டாம்,
அதுகள் பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும் என்றார்.
பஸ்ஸில் பாதிச் சனம் தலையாட்டியது.

எனக்குத் தராசு ஞாபகம் வந்தது.

ஜன்னல் பக்கம் அமராவதி,
மடியில் சீனியும் கருவாட்டுப் பொட்டலமும்.
கேட்டாளா என்று தெரியவில்லை.
கண்டக்டர் மிச்சக் காசு தராததைத்தான்
டிக்கோயா தாண்டும்வரை முணுமுணுத்தாள்.

மேல்நாட்டுச் சரக்காம்.
விடிந்ததும் நான் தொடுகிற செடி எந்த நாட்டுச் சரக்கு?
அதை நட்ட துரைமாரின் கப்பலில்தான்
அந்தச் சட்டமும் வந்தது,
முந்நூற்று அறுபத்தைந்தாம் பிரிவு.
வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை,
தீபாவளிக்குக்கூட லீவு கிடையாது.
தங்கள் ஊரில் அதை வேரோடு பிடுங்கிவிட்டார்களாம்.
நாங்கள்தான் இன்னும்
அடியை விட்டுவிட்டுக் கவ்வாத்து வெட்டுகிறோம்.

போன மாசம்
வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எடுத்தார்கள்.
ஏழு பேர்ச்சஸ், தனிக் கூரை, சொந்தக் கக்கூஸ்.
கிளார்க் தம்பி நிரேஷ்காந்த் நல்ல பையன்.
குடும்பத் தலைவர்?
மரியதங்கம், நான்தான்.
துணை?
பேனா காத்திருந்தது.
தகரத்தில் மழை பேசி முடிக்கட்டும் என்றிருந்தேன்.
அமராவதிதான் சொன்னாள்:
"சின்னம்மா மகள்னு போடு தம்பி."
அவள் நெற்றியில் விபூதி, என் கழுத்தில் ஜெபமாலை.
எந்தச் சின்னம்மா என்று அவன் கேட்கவில்லை.

பத்தொன்பது வருஷம்,
ஒரே காம்பரா, ஒரே அடுப்பு.
அவளுக்குக் கருப்பை எடுத்த அன்றைக்கு
கிளங்கன் ஆஸ்பத்திரியில்
சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள்.
மஸ்கெலியாவிலிருந்து அண்ணன் வரும்வரை
கட்டிலில் அவளும் பெஞ்சில் நானும்.
வந்தான், சாராய வாடையோடு.
அவன் கை நடுங்கிப் போட்ட கோடு செல்லுபடியானது.
என் கைக்குள் அவள் மூக்குத்தி இருந்தது.

லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.
பீலிக்கரையில் ஒருநாள் பார்வதிகொடி,
"ஒங்க ரெண்டு பேரையும் மாதிரி எங்க வீட்டுல இருந்தா..."
என்று தொடங்கி
மிச்சத்தை வாளித் தண்ணீரில் விட்டாள்.
அவள் புருசன்தான்
போன திருவிழாவில் பால்குடப் பட்டியலில்
அமராவதி பேரை அடித்தவன்.

காகிதத்துக்குக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதா?
இந்த மண்ணில் பிறந்த சனத்துக்கு
இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிக்கொடுக்க
எத்தனை வருஷம் எடுத்தது?
அதற்கும் விவாதம் நடந்ததாம்.
அப்போதும் யாரோ ஒரு நல்ல மனசுக்காரர்
இருந்துட்டுப் போகட்டும் என்றிருப்பார்.

ராத்திரி விளக்கை அணைத்தபின் கேட்டேன்:
சட்டம் வந்தா கட்டிக்குவியா?
இருட்டுக்குள் நெடுநேரம் சத்தமில்லை.
"இந்த வயசுல மாலை போட்டா கழுத்து வலிக்கும்.
ஆஸ்பத்திரியில ஒன் கையெழுத்து செல்லுபடியானா
போதும் எனக்கு."

எனக்குப் போதாது என்றேன்.
மாலையும் வேண்டும்,
பந்தியில் உப்புக் குறைந்ததென்று
பார்வதிகொடி புருசன் குறை சொல்லவும் வேண்டும்.

அவள் சிரித்தது கம்பளிக்குள் கேட்டது.
"விடிஞ்சா பெரட்டு.
பதினெட்டு பறிக்கணும், படு."